என் கை பட்ட எஞ்சின்

மூன்று பக்கம் எழுதியிருந்தார் மனிதர். ஆங்கிலத்தில், எண் போட்டு, பத்தி பிரித்து. அரசாங்க எஞ்சினியராக முப்பது வருடம் இருந்தவர், எழுதத் தெரியாதா என்ன? எழுதியதை மேனேஜருக்கு மட்டும் அனுப்பியிருந்தால்கூட என் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. லுமுட் ஊரில் எங்கள் படகுத்துறையில் படகு கட்டியிருக்கும் நாற்பத்திரண்டு பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டார். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

விஷயம் இதுதான். பூபாலசிங்கம் என்கிற அவருக்கு ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார், ‘மாதுமை’ என்று. காற்று இல்லாத நேரத்தில் ஓட்டுவதற்கு உள்ளே மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் உண்டு. செப்டம்பர் கடைசியில் அதை சர்வீஸ் செய்தவள் நான். அதன் பிறகு கடலுக்குள் போய் அரை மணி நேரம் ஆனதும் எஞ்சின் இழுவை இல்லாமல் படுத்துவிடுகிறதாம். இதை எழுத ஒரு பக்கம் போதும். மற்ற இரண்டு பக்கமும் நான்தான். இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு வரியை முதலில் அகராதி வைத்துப் படித்தேன், பிறகு அகராதி தேவைப்படவில்லை, மனப்பாடமே ஆகிவிட்டது. ‘தோட்டத்து லாரிகளில் பழகிய ஒரு கையிடம், அதுவும் ஒரு பெண்ணின் கையிடம், கடலில் போகும் எஞ்சினை ஒப்படைத்தது நிர்வாகத்தின் தவறு.’

கையாம் கை! என் கையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? நான் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், ஆமாம். எனக்குப் பத்து வயதாகும்போது ரப்பரை வெட்டித் தள்ளிவிட்டு செம்பனை நட்டார்கள், எங்களையும் லயத்து வீட்டிலிருந்து கிளப்பிவிட்டார்கள். ஈப்போவில் தொழில் படித்தேன். புந்தோங்கில் ஒரு லாரிப் பட்டறையில் ஒன்பது வருடம் டீசலில் குளித்தேன். அந்த ஒன்பது வருடத்தோடு இந்தப் படகுத்துறைக்கு வேலை கேட்டு வந்தபோது, கையில் ஸ்பேனரையா கொடுத்தார்கள்? உப்புத்தாளைக் கொடுத்தார்கள். தூக்கி நிறுத்திய படகுகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி, பழைய பெயிண்டைத் தேய்த்து, முகமெல்லாம் நீலப் பொடியாக நான்கு வருடம் இருந்தேன். பொம்பளைக்கு இஞ்சின் ரூம் சரிப்படாது என்றார்கள். எஞ்சின் வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதையும் இந்த மூன்று பக்கம் பிடுங்கப் பார்த்தது.

கடிதம் வந்த மறுநாள் காலையில் மேனேஜர் ஜெயபாலன் கூப்பிட்டார்.

“தினேஸ்வரி, படிச்சியா?”

“படிச்சேன். குரூப்ல இருக்கிற எல்லாரும் படிச்சாச்சு. நேத்து சாப்பாட்டுக் கடையில நான் ஒக்காந்தா பேச்சு நிக்குது அண்ணே.”

“ஆளு சும்மா விடமாட்டாரு போல லா. மொதலாளி, நம்ம தவ்க்கே வரைக்கும் போயிருச்சு.” அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசை மேல் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். “சனிக்கெழம அவரு வர்றாரு. மூணு பேரும் அந்த போட்லயே கடலுக்குப் போறோம். இஞ்சின் ஒழுங்கா இழுத்துச்சுன்னா முடிஞ்சிச்சு.”

“இழுக்கலன்னா?”

“திங்கக்கெழமையிலேர்ந்து ஒனக்கு மறுபடியும் கீழ் வேலைதான். உப்புத்தாளு. இஞ்சினுக்கு பினாங்குலேர்ந்து ஆள் பாத்துட்டாங்களாம்.”

“அண்ணே, ரெண்டு வருஷத்துல நான் தொட்ட இஞ்சின் ஒண்ணாச்சும் திரும்பி வந்திருக்கா?”

“இல்லம்மா. ஆனா கஸ்டமர் எழுதிட்டாரே, நான் என்னா பண்றது? சுசா லா.”

கஷ்டமாம் இவருக்கு! தேய்க்கப்போவது நான், கஷ்டம் இவருக்கு. பதில் சொன்னால் சண்டை வரும் என்று கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டு வந்தேன்.

இந்த மனிதரோடு எனக்கு முதல் உரசல் சர்வீஸ் முடிந்த மறுவாரமே வந்தது. ஆயுத பூஜை அன்று. எங்கள் பட்டறையில் அது பெரிய நாள். ஸ்பேனர், ஜாக்கி, பளு தூக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்குவோம். சீனத் தவ்க்கேயே மாலைக்குக் காசு கொடுப்பார், எலுமிச்சம்பழம் நசுக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார். துறையில் நிற்கிற ஒவ்வொரு படகுக்கும் நான்தான் சந்தனப் பொட்டு வைப்பேன். மலாய்க்காரர், வெள்ளைக்காரர் யாரும் இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை, கூட நின்று படம்கூட எடுத்துக்கொள்வார்கள்.

அன்று பூபாலசிங்கம் ஈப்போவிலிருந்து வந்திருந்தார். நெற்றியில் மூன்று கோடு விபூதி, காதோரம் பூ, நேரே கோயிலிலிருந்துதான் வந்திருக்கிறார். நான் சந்தனக் கிண்ணத்தோடு ‘மாதுமை’யை நெருங்கியதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

“என்ர படகில ஒண்டும் பூச வேண்டாம். வெள்ளை பெயிண்ட். கறை பிடிச்சா போகாது.”

“சின்னப் பொட்டுதான் சார். இஞ்சின் ஓடுற வண்டி, இன்னைக்கு வெறுமனே விடக் கூடாது.”

“நீர் சொல்லி நான் கேக்க வேணுமோ? வேண்டாம் எண்டா வேண்டாம். விளங்குதோ?”

அவர்கள் வீட்டுப் பேச்சில் ‘நீர்’ மரியாதையான வார்த்தைதானாம், பிறகு ஜெயபாலன் சொன்னார். இருக்கட்டும். அந்தக் குரலில் மரியாதை எங்கே இருந்தது? தன் நெற்றி நிறையப் பூசிக்கொள்ளலாம், படகுக்கு மட்டும் கறை படுமா? எனக்கு வந்ததே கோபம். வேலை செய்கிற எஞ்சினுக்கு ஆயுத பூஜை அன்று பொட்டு வைக்காமல் விட நான் என்ன நன்றி கெட்டவளா? அவர் கார் கிளம்புகிற வரைக்கும் காத்திருந்தேன். போனதும் வைத்தேன். அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, மற்றப் படகுகளுக்கு வைத்ததைவிட இரண்டு மடங்கு சந்தனம் எடுத்து, கட்டியாக வைத்து நடுவில் குங்குமமும் அழுத்திவிட்டு வந்தேன். மனசு குளிர்ந்துபோனது.

சரி, எஞ்சினுக்கு வருவோம். சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினேன்.

எஞ்சின் இழுவை இழக்கிறது என்றால் மூன்றில் ஒன்று. சுமை கூடியிருக்க வேண்டும், அல்லது எஞ்சினுக்கு மூச்சு முட்ட வேண்டும், அல்லது சாப்பாடு போதாமல் இருக்க வேண்டும். சுமை என்றால் தண்ணீருக்கடியில் சுழலும் விசிறி. அதில் சிப்பி மண்டியிருந்தால் எஞ்சின் திணறும். முக்குளிக்க ஆள் கூப்பிட்டால் நாளை வருகிறேன் என்பான். நானே கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கினேன். விசிறி மொட்டையாக, பளபளவென்று இருந்தது. அடுத்து மூச்சு. காற்று உள்ளே போகும் வழி சுத்தம். புகை வெளியே போகும் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். லேசாகக் கரி இருந்தது, சுரண்டி எடுத்தேன். அதற்கெல்லாம் எஞ்சின் படுக்காது.

அப்படியானால் சாப்பாடு. நம் ஊர் டீசலில் செம்பனை எண்ணெய் கலந்திருக்கிறது. ஒரு படகு மாதக்கணக்கில் சும்மா நின்றால் டாங்கிக்குள் பாசி மாதிரி ஒன்று பிடித்து, ஃபில்டரை அடைத்துவிடும். எங்கள் வீட்டை இடித்து நட்ட செம்பனை இங்கேயும் வந்து என் உயிரை வாங்குகிறதா என்று திட்டிக்கொண்டே இரண்டு ஃபில்டரையும் கழற்றினேன். நான் மாட்டிய ஃபில்டர்கள் நான் மாட்டியபடியே சுத்தமாக இருந்தன. இருந்தாலும் புதிது போட்டேன். டீசல் வரும் ரப்பர் குழாயை மாற்றினேன். பம்பை மாற்றினேன்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்ப்பேன். படகை நான்கு தடித்த கயிற்றால் துறையோடு கட்டிவிட்டு, கியரைப் போட்டு, வேகப் பிடியை முக்கால்வாசிக்குத் தள்ளிவிடுவேன். படகு போக முடியாமல் கயிற்றை இழுக்கும், எஞ்சினுக்குக் கடலில் இருக்கும் சுமை அப்படியே இருக்கும். அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. மேல்தளத்தில் டாங்கி மூடியைத் திறந்து, அளவுக் குச்சியை உள்ளே விட்டு, குச்சியை அதிலேயே நிற்க விடுவேன். புந்தோங்கில் படிந்த பழக்கம் அது. டீசல் இருக்கிறது என்று லாரி டிரைவர் சத்தியம் செய்தாலும் நாங்கள் நம்பமாட்டோம். மூடியைத் திறந்து குச்சியை விட்டு, ஓட்டம் முடியும்வரை குச்சியைப் பார்த்து எவ்வளவு குடித்தது என்று குறித்துக்கொண்டால்தான் எங்களுக்கு நிம்மதி.

புதன்கிழமை ஒரு மணி நேரம் ஓடியது. இருமவில்லை. வியாழன் ஒன்றரை மணி நேரம். வெள்ளி காலையில் ஒரு மணி நேரம், மத்தியானம் ஒரு மணி நேரம். எஞ்சின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டே இருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. நோய் இல்லாத எஞ்சினுக்கு நான்கு நாளாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! போனை எடுத்து அவரையே கூப்பிட்டேன்.

“சார், மூணு நாளா ஓட்டிப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல சார் இஞ்சின்ல.”

“கட்டி வச்சு ஓட்டுறதுக்கு எனக்குப் படகு தேவையில்லை. கடலில அரை மணித்தியாலத்தில நிண்டுபோகுது.”

“அப்படின்னா எனக்கு மட்டும் ஏன் சார் ஓடுது?”

“அதைக் கண்டுபிடிக்கிறதுதானே உம்மட வேலை? மூண்டு தரம் நிண்டது. மூண்டு தரமும் கால் மணித்தியாலம் சும்மா விட்டாப் பிறகு தானா எடுபட்டது. நீர் தொட்டாப் பிறகுதான் இதெல்லாம்.”

“நான் தொட்டதுனால ஒண்ணும் ஆவல சார்! என் கையால கெட்டுச்சுன்னு நிரூபிச்சீங்கன்னா நானே உப்புத்தாள எடுத்துக்கிட்டுப் போயிடுறேன். இல்லாட்டி அந்த மூணு பக்கத்துக்கும் நீங்க குரூப்லயே மன்னிப்பு கேக்கணும்.”

“பாப்பம்” என்று வைத்துவிட்டார்.

பொய் சொல்கிறார் என்றே முடிவு செய்துவிட்டேன். படகு ஓட்டத் தெரியவில்லை, எங்கோ தவறாகக் கையாள்கிறார், பழியை மட்டும் என் தலையில் போடுகிறார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. ஜெயபாலன் உயிர்காப்பு அங்கியை அப்போதே மாட்டிக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தார். நான் வழக்கம்போல அளவுக் குச்சியோடு டாங்கி மூடியிடம் போனேன்.

“தொடாதையும்!”

துறையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“டீசல் அளவு பாக்கணும் சார்.”

“நேற்றுப் பின்னேரம் நானே வந்து முட்ட நிரப்பி மூடினனான். ஒண்டையும் தொடாமல் அங்கால இரும். நீர் கை வச்சு ஏதாவது வித்தை காட்டி, இண்டைக்கு மட்டும் ஓட வைக்க வேண்டாம்.”

கேட்டீர்களா? வித்தையாம்! குச்சியைத் தூக்கி அவர் காலடியில் போட்டேன். ஜெயபாலன் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சின் அறைப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன்.

துறையை விட்டுக் கிளம்பினோம். காற்று இல்லை, பாயை அவர் விரிக்கவில்லை. பங்கோர் தீவுப் பக்கம் நேரே ஓட்டினார். வேகமுள் இரண்டாயிரத்து நானூறில் நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம். நான் கைக்கடிகாரத்தையும் முள்ளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் பாடிக்கொண்டிருந்தது. ஓடு ராசா, அந்த ஆள் மூஞ்சியில் கரியைப் பூசு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முப்பத்திரண்டாவது நிமிடத்தில் முள் ஆடியது. இரண்டாயிரத்து முந்நூறு. மறுபடி ஏறியது. பிறகு இரண்டாயிரம், ஆயிரத்து எண்ணூறு. சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அவர் பிடியை எவ்வளவு தள்ளினாலும் எஞ்சின் ஏறவில்லை.

“பாரும்! பாரும்! இதைத்தானே நான் சொன்னனான்!” என்று கத்தினார். ஜெயித்த சந்தோஷம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. படகு நடுக்கடலில் படுத்துக்கொண்டிருக்கிறது, அதற்குச் சந்தோஷம்! தீவுக்குப் போகும் ஃபெர்ரி தூரத்தில் வேறு வந்துகொண்டிருந்தது. “மாரியம்மா” என்று ஜெயபாலன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. திங்கட்கிழமை உப்புத்தாள் என் கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் அந்த நிமிடம் அதைவிடப் பெரியதாக வேறொன்று நடந்தது. நான்கு நாளாகத் தேடிய நோயை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். கோபத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு எஞ்சின் அறைக்குள் தலையை விட்டேன்.

“அண்ணே! பின்னாடி பொகை என்னா நெறம்?”

“பொகையே இல்லம்மா!”

கறுப்புப் புகை இல்லை. அப்படியானால் சுமையும் இல்லை, மூச்சு முட்டலும் இல்லை. இது பசி. டீசல் போதவில்லை. ஆனால் குழாய் புதுசு, ஃபில்டர் புதுசு, பம்பு புதுசு, டாங்கி நிறைய டீசல். அடி தாயே, பிறகு என்னதான் குறை?

முதல் ஃபில்டரின் தலையில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் டீசல் கசிய வேண்டும். தளர்த்தினேன். ஒரு சொட்டு வரவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன். என் விரலை உள்ளே இழுத்தது. டீசல் வெளியே வர வேண்டிய இடத்தில் காற்று உள்ளே போகிறது. டாங்கி உறிஞ்சிக்கொண்டிருக்கிறது! திருகை முடுக்கிவிட்டு மேலே ஓடினேன். தொடாதையும் என்று அவர் ஆரம்பிப்பதற்குள் டாங்கி மூடியில் சாவியைப் போட்டுத் திருகிவிட்டேன்.

உஸ்ஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம். மூடிய டாங்கி ஒரே இழுப்பாகக் காற்றைக் குடித்தது. மூன்று பேரும் அதைக் கேட்டோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கீழே எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாயிரத்து நானூறுக்கு ஏறியது. ஃபெர்ரி ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களை விட்டு ஒதுங்கிப் போனது.

“என்னம்மா பண்ணே?” என்றார் ஜெயபாலன்.

“மூடியத் தொறந்தேன், அவ்வளவுதான். டாங்கியிலேர்ந்து டீசல் எறங்க எறங்க, அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும் அண்ணே. அதுக்குன்னு தனியா ஒரு மூச்சுத் தொளை இருக்கும். அது அடைச்சிருக்கு. இஞ்சின் இழுக்க இழுக்க உள்ள வெறும் வெற்றிடம். கடைசியில பம்பாலயும் இழுக்க முடியல. நிறுத்திட்டுக் காத்திருந்தா, எங்கயாச்சும் சந்துல காத்துக் கொஞ்சங்கொஞ்சமா ஏறிடும். அதான் சாருக்குக் கால் மணி நேரத்துல தானா ஓடியிருக்கு. நான் ஓட்டினப்ப எல்லாம் குச்சிய விட்டு மூடியத் தொறந்தே வெச்சிருந்தேன். எனக்கு எப்படி நிக்கும்?”

பூபாலசிங்கத்தின் முகம் மாறியது. எஞ்சினியர் இல்லையா, சொன்னவுடனே புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார்.

“அப்ப… இண்டைக்கு நான் மூடியைத் திறக்க விட்டிருந்தால், இதைக் கண்டே இருக்க மாட்டம்.”

“கண்டிருக்க மாட்டோம் சார்.”

“அந்தத் துளை எங்க இருக்கு?”

“பின்பக்கம், வெளியில. பாக்குறேன்.”

“கொளவி கூடு கட்டியிருக்கும் லா,” என்றார் ஜெயபாலன், அங்கியைத் தளர்த்திக்கொண்டே. “போன வருஷம் சுரேன் போட்ல அப்படித்தான். மண்ணு வெச்சு அடைச்சிருச்சு. யாரு மேலயும் தப்பு இல்ல, கொளவி மேலதான் தப்பு.”

“பிள்ளை,” என்றார் பூபாலசிங்கம். முதல் தடவையாக அந்த வார்த்தை. “நான் கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிப்போட்டன் போல…”

இருங்கள் சார், குளவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து முழுசாகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பின்பக்கத்துக்குப் போய், குப்புறப் படுத்து, விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டுக் கீழே பார்த்தேன்.

அங்கே மூச்சுத் துளையின் வாயாக, சின்னதாக ஒரு எஃகுக் குமிழ் இருந்தது. அதன் மேல் சந்தனம். வெயிலில் காய்ந்து, வெடித்து, சிமெண்டாக இறுகியிருந்தது. நடுவில் குங்குமம்.

என் பொட்டு.

கண்ணை மூடித் திறந்தேன். போகவில்லை. அன்றைக்கு அவர் கண்ணில் படாத இடம் தேடி இதே மாதிரித்தான் குப்புறப் படுத்திருந்தேன். கைக்கு முதலில் தட்டுப்பட்டது இந்தக் குமிழ். எஃகுதானே, வெள்ளைப் பெயிண்டில் கறை படாது, அவரும் கத்த முடியாது என்று அதன் மேலேயே அப்பினேன். கட்டியாக, வீம்புக்கு, இரண்டு மடங்கு. டாங்கியின் மூச்சுத் துளை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு எனக்குக் கண் மண் தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு கடலில் விழுந்துவிடலாம் போல் இருந்தது.

“கொளவிதானே?” என்றது பின்னாலிருந்து ஜெயபாலன் குரல்.

நகத்தால் ஒரு சுரண்டு, ஒரு கை கடல் தண்ணீர். போதும், தடயமே இல்லை. ஆமா அண்ணே, குளவி என்று ஒரு வார்த்தை சொன்னால் ஸ்பேனர் என்னுடையது. நாற்பத்திரண்டு பேருக்கு முன்னால் மன்னிப்பும் என்னுடையது. நேற்று போனில் நான் கேட்ட மன்னிப்பு, அந்த மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கத் தயாராக நிற்கிறார். பொய் என்று எவனும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

ஆனால் எனக்குத் தெரியுமே. அந்த மூன்று பக்கத்தைப் படித்து நான் என்ன பாடுபட்டேன்! செய்யாததைச் செய்தேன் என்று எழுதிவிட்டானே பாவி என்றுதானே துடித்தேன்? இப்போது செய்ததைச் செய்யவில்லை என்று நானே சொல்வதா? ஒரு குளவியின் தலையில் போட்டு? ச்சீ!

காய்ந்த சந்தனத்தைப் பெயர்த்து எடுத்தேன். மேலே எழுந்து வந்து, உள்ளங்கையை விரித்து இரண்டு பேருக்கும் காட்டினேன். மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. வாசம்கூடப் போகவில்லை.

“கொளவி இல்ல. நான்.”

பூபாலசிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“நான் வேண்டாம் எண்டு சொன்னனான்.”

“சொன்னீங்க.”

“பிறகு?”

“அதுனாலதான் வெச்சேன். நீங்க கத்தினீங்க, எனக்குக் கோவம். நீங்க போனதும் உங்களுக்குத் தெரியாத எடமா பாத்து வெச்சேன்.”

“அப்ப நான் எழுதினது சரி!” முகம் சிவந்துவிட்டது அவருக்கு. “உம்மட கையாலதான்! நீர் தொட்டாப் பிறகுதான்! மூண்டு பக்கமும் சரி!”

“மூணு பக்கமும் சரியில்ல சார்!”

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கையை வீசிப் பேசியதில் சந்தனம் வெள்ளைத் தளத்தில் உதிர்ந்தது.

“அடைச்சது நான். என் தப்புதான், திங்கக்கெழம நானே போய் உப்புத்தாள எடுத்துக்கிறேன், யாரும் சொல்ல வேணாம். ஆனா நீங்க இஞ்சினப் பத்தி மட்டும் எழுதல. தோட்டத்து லாரியில பழகின கைன்னு எழுதினீங்க. அதுவும் பொம்பள கைன்னு எழுதினீங்க. தோட்டம் வந்தா சார் தொளைய அடைச்சுச்சு? பொம்பளையா பொறந்ததா அடைச்சுச்சு? கோவம் அடைச்சுச்சு. அது உங்களுக்கும் இருக்கு. அந்த லாரிக் கைதான் இப்ப ஃபில்டர்ல விரல வெச்சுக் கண்டுபிடிச்சுச்சு. அந்த ஒரு வரிக்கு நீங்க பதில் சொல்லித்தான் ஆகணும். என் தப்பு என்னோட, உங்க தப்பு உங்களோட.”

அவர் படகைத் திருப்பினார். வரும் வழி முழுக்க முள் இரண்டாயிரத்து நானூறில் அசையாமல் நின்றது. நாற்பது நிமிடம் மூன்று பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

துறையில் கயிறு கட்டியதும் நான் இறங்கி நேராகப் பட்டறைக்கு நடந்தேன். என் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. குழுவில் அவர்தான். மறுபடியும் ஆங்கிலம், மறுபடியும் எண் போட்டு. இந்தத் தடவை அகராதி தேவைப்படவில்லை.

‘ஒன்று. மாதுமையின் எஞ்சினில் குறை ஏதும் இல்லை. டாங்கியின் மூச்சுத் துளை சந்தனத்தால் அடைபட்டிருந்தது. இரண்டு. அடைத்தவர் தினேஸ்வரி. மூன்று. கண்டுபிடித்தவர் தினேஸ்வரி. உண்மையைச் சொன்னவரும் அவரே. நான்கு. என் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அவருடைய கையைப் பற்றிய வாக்கியத்தை நீக்கிக்கொள்கிறேன். அந்த வாக்கியம் எஞ்சினைப் பற்றியது அல்ல.’

இரண்டு தடவை படித்தேன். மன்னிப்பு என்கிற வார்த்தையைத் தேடினேன், எங்கேயும் இல்லை. இரண்டாம் எண்ணை நாற்பத்திரண்டு பேருக்குச் சொல்ல வேண்டுமா என்று ஆத்திரமும் வந்தது. நான்காம் எண்ணை மூன்றாம் தடவை படித்தபோது எழுத்துகள் மங்கிவிட்டன. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் ஜெயபாலன் வாசலில் நிற்கிறார்.

“பெட்டிய எதுக்கும்மா மூடுறே? திங்கக்கெழம சுரேன் போட்டு இஞ்சின் எறக்கணும். பூபாலசிங்கம் சாரும் இனிமே வேற ஆளு வேணாம்னு சொல்லிட்டாரு. ஒன்னையத்தான் கேட்டாரு.” போகத் திரும்பியவர் நின்றார். “ஒன்னையக் கூப்புடுறாரு, போய்ப் பாரு.”

போனேன். பூபாலசிங்கம் படகின் முன்பக்கத்தில், ஈரத் துணியால் வெள்ளைப் பெயிண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், நான் பட்டறை அலமாரியில் வைத்திருந்த சந்தனக் கிண்ணம். எப்போது போய் எடுத்து வந்தாரோ தெரியவில்லை.

“பின்னுக்குத் துளை திறந்துதானே இருக்கு?” என்றார், என்னைப் பார்க்காமல்.

“தொறந்திருக்கு.”

“அப்ப முன்னுக்கு வையும். எனக்குத் தெரியுற இடத்தில.”

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

“வெள்ளை பெயிண்டு சார். கறை படும்.”

“படட்டும்,” என்று துணியைப் பிழிந்துவிட்டு, எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.